தொல் செல்டிக்கை மீட்க யாரை நம்பலாம்: ஐரிஷா, வெல்ஷா, கௌலிஷா?

ஐரிஷ், வெல்ஷ், பண்டைய பிரான்ஸ் பகுதியில் பேசப்பட்டு மறைந்த கௌலிஷ் ஆகியவற்றின் தாய்மொழிதான் தொல் செல்டிக். அதில் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. கிளைமொழிகளின் இனச்சொற்களை (ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களை) அருகருகே வைத்துப் பின்னோக்கிப் போவதுதான் வழி. கிடைக்கும் வடிவம் ஊகித்தது, எழுத்தில் கண்டதல்ல என்று காட்ட அதற்கு முன் உடுக்குறி (*) போட்டுவிட வேண்டும்.

'தலை' என்பதை எடுத்துக்கொள்வோம். பழைய ஐரிஷில் கென், வெல்ஷில் பென். ஐரிஷை மட்டும் வைத்துக்கொண்டால், முதலில் இருந்தது க் ஒலியா, இதழ் குவித்துச் சொல்லும் க்வ் ஒலியா என்று தெரியாது. அங்கே இரண்டும் க் ஆகிவிட்டன. வெல்ஷ் இரண்டையும் கலக்கவில்லை. பழைய க் அங்கே க்-ஆகவே நிற்கும். க்வ் மட்டும் ப் ஆகும். 'நூறு' ஐரிஷில் கேத், வெல்ஷில் கந்த், அதனால் *கந்தொம். தலைக்கோ க்வ். ஆக, முதல் மெய்க்கு வெல்ஷே சாட்சி.

ஈற்றுக்கு ஐரிஷிடம் வர வேண்டும். ஈற்றசை இரண்டிலும் உதிர்ந்தது. ஆனால் பழைய ஐரிஷில் கென் எழுவாயாக வரும்போது அடுத்த சொல்லின் முதலில் மூக்கொலி ஏறும். அது பழைய அஃறிணைப்பால் ஈறான -ஒம் விட்டுப்போன தடம். முழு வடிவம் *க்வென்னொம். வெல்ஷிலும் தடம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 'கூரிய' என்பதற்கு ஆண்பால் லிம், பெண்பால் லெம். மறைந்துபோன -ஆ ஈறுதான் இகரத்தை எகரமாக்கியது. இருந்தாலும் ஈறுகளை ஊகிக்க ஐரிஷ் தருவதில் இது கால்வாசிகூட இல்லை.

கௌலிஷ் பழையது என்பதாலேயே அதை முன்னால் வைப்பார்கள். அது கொஞ்சம் மிகையான மரியாதை. கிடைப்பதில் பெரும்பகுதி பெயர்களும், குயவர்களின் கணக்குகளும், 1897இல் பிரான்சின் கொலிஞியில் கிடைத்த வெண்கல நாட்காட்டி போன்றவையும்தான். க்வ் அங்கேயும் ப் ஆகிவிட்டது. சரிபார்க்க மட்டும் நல்லது: 'வெள்ளை' என்னும் ஐரிஷ் ஃபிந்த் சொல்லின் ஃப் முன்பு வ்-ஆக இருந்ததை, வியன்னாவின் பழைய பெயரான விந்தொபொனா நேரடியாகக் காட்டும்.

ஐரிஷிலேயே இன்னும் பின்னால் போக, ஓகம் என்னும் பழைய கோட்டெழுத்தில் பொறித்த கற்கள் உண்டு. க்வ் ஒலிக்கு அவற்றில் தனி எழுத்தே இருக்கிறது. 'மகனுடைய' என்பது அங்கே மக்வி. (தமிழ் 'மகன்' நினைவுக்கு வரும், அது வெறும் தற்செயல்.) குறை என்னவென்றால், கற்களில் ஆட்பெயரும் வம்சமும் தவிர வேறு சொற்கள் அரிது.

பெரிய பொறி கடன்சொல். ஐரிஷ் காஸ்க், வெல்ஷ் பாஸ்க்: க்-ப் இணை கச்சிதமாகப் பொருந்துகிறது, உடனே க்வ் போடத் தோன்றும். ஆனால் இரண்டும் ஈஸ்டரைக் குறிக்கும் லத்தீன் பாஸ்கா. ஐரிஷில் அப்போது ப் இல்லாததால் க்வ் போட்டுக் கடன் வாங்கினார்கள், அது பிறகு க் ஆனது. ஒலி இணை இங்கே காப்பாற்றாது. பொருளைப் பார்த்து, லத்தீன் அகராதியையும் புரட்டிய பிறகே உடுக்குறி போடலாம்.