ஆறடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? கேனிஸ்டர், மேல் ஃபில்டர், சம்ப்: நெடுநாள் ஓட்டிய அனுபவம்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். சென்னை வீடுகளில் பெரிய மீன் தொட்டி என்றால் பெரும்பாலும் இந்த அளவுதான். கொளத்தூரில் சொல்லி வைத்தால் 12 மி.மீ. கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள். கணக்குக்கு 680 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் அடியில் போடும் கல்லும் போக 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் இரண்டு ஆஸ்கார், ஐந்தாறு சில்வர் டாலர், ஒரு பிளெகோ. இப்படிக் கழிவு அதிகம் போடும் மீன்களோடு கேனிஸ்டர் (ஹோஸ் வழியே தண்ணீர் போய்வரும் மூடிய பெட்டி), மேல் ஃபில்டர் (தொட்டியின் மேல் வைக்கும் தட்டு), சம்ப் (ஸ்டாண்டுக்குக் கீழே வைத்து, வழிந்து வரும் தண்ணீரை வடிகட்டிப் பம்பால் மேலே ஏற்றும் இரண்டாவது தொட்டி) மூன்றையும் வருடக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்ததுதான் இங்கே.

கடையில் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் தொட்டி?" என்றுதான். ஃபில்டர் பெட்டியிலும் லிட்டர் கணக்குதான் அச்சாகியிருக்கும். ஆனால் ஃபில்டருக்கு வேலை வைப்பது தண்ணீரின் அளவு அல்ல, நாம் போடும் தீவனம். மீன் பண்ணைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: தீவனத்தின் எடை, அதிலுள்ள புரதத்தின் பங்கு, 0.092 மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளில் உருவாகும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். 40 சதவீதப் புரதமுள்ள பெல்லெட்டை நாளுக்கு 20 கிராம் போட்டால் 0.74 கிராம். அதை 600 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1.2 மி.கி. ஃபில்டர் வேலை செய்யாவிட்டால் ஒரே நாளில் ஏறும் அளவு இது.

நம் ஊரில் இந்த அளவு இன்னும் மோசமாகப் படும். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி, பி.எச். அளவும் சூடும் ஏற ஏற அதிகமாகும். பி.எச். 8 இருக்கும் தண்ணீரில் 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் அந்தப் பகுதி. 30 டிகிரியில் ஏழரை சதவீதம். கரையக்கூடிய ஆக்சிஜனோ அதே சூட்டில் லிட்டருக்கு 8.3 மி.கிராமிலிருந்து 7.6க்கு இறங்கிவிடும். குளிர் நாட்டு வீடியோவில் சரியாக ஓடும் அமைப்பு, போர் தண்ணீரில் மே மாதத்தில் திணறுவது இதனால்தான்.

இந்த 0.74 கிராமைச் சமாளிக்க, பாக்டீரியா குடியேறும் பயோ மீடியா எவ்வளவு வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியா நாளுக்கு 0.1 கிராம் அம்மோனியாவைத் தின்னும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஏழரை சதுர மீட்டர் போதும். கே1 எனப்படும் சின்னச் சக்கர மீடியாவில் ஒரு லிட்டருக்கு அரை சதுர மீட்டர் பயன்படும் பரப்பு இருக்கிறது. ஆக 15 லிட்டர். பாதுகாப்புக்காக 25 லிட்டர் போட்டால் தாராளம். விலை உயர்ந்த செராமிக் ரிங்கை மூட்டை மூட்டையாக வாங்குவதில் பயனில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அதன் நுண்துளைகள் சில மாதங்களில் வழவழப்புப் படலத்தால் மூடிவிடும். பிறகு வேலை செய்வது வெளிப்பரப்பு மட்டும்தான். 30 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 30 துளை) ஸ்பாஞ்ச் அதே வேலையை மிகக் குறைந்த செலவில் செய்கிறது.

பெரிய தொட்டியில் தோற்பது பயோ அல்ல, அழுக்கு பிடிக்கும் பகுதி. ஆஸ்கார் கழிவு, துப்பிய பெல்லெட், பிளெகோவின் நூல் நூலான எச்சம் எல்லாம் ஃபில்டருக்குள் போனதும் தொட்டி பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தக் கழிவு அதே தண்ணீர்ச் சுற்றில்தான் அழுகிக்கொண்டிருக்கிறது. குப்பையைக் கூட்டி அறை மூலையிலேயே குவித்து வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. நாலைந்து நாளுக்குள் அதை வெளியே எடுத்தால்தான் வடிகட்டியதாக அர்த்தம். ஆகவே ஃபில்டர் வாங்கும்போது கேட்க வேண்டியது, "இதன் பஞ்சை வாரம் இரண்டு முறை சலிக்காமல் மாற்ற முடியுமா?" என்பதுதான்.

கேனிஸ்டரில் அது முடியாது. வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, தண்ணீரோடு கனக்கும் பெட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், கூடைகளை அலசி, மூடியின் ரப்பர் ஓ-ரிங்கைத் துடைத்து மாட்டி, காற்று போக பிரைம் செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வாரம் இரண்டு முறை யார் செய்வார்கள்? ஒரு மாதம் தள்ளிப் போகும். அதற்குள் ஓட்டம் பாதியாகிவிடும். தண்ணீர் மீடியாவுக்குள் போகாமல் கூடையின் ஓரச் சந்து வழியாக நழுவ ஆரம்பிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ஃப்ளூவல் எஃப்.எக்ஸ்.6 தயாரிப்பாளர்கள் இந்த விஷயத்தில் நேர்மையாக இரண்டு எண் தருகிறார்கள்: பம்ப் மட்டும் மணிக்கு 3,500 லிட்டர், மீடியாவோடு 2,130 லிட்டர். பல பெட்டிகளில் முதல் எண் மட்டும்தான் இருக்கும்.

கேனிஸ்டரே வேண்டும் என்றால் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கரடுமுரடான ஸ்பாஞ்சை மாட்டுங்கள். இதைவிடப் பயனுள்ள ஐம்பது நூறு ரூபாய்ச் செலவு இந்தத் துறையில் கிடையாது. அழுக்கில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். வாரம் இருமுறை அதை மட்டும் கழற்றி வாளியில் பிழிந்தால் உள்ளே இருக்கும் மீடியாவை இரண்டு மூன்று மாதம் தொட வேண்டாம். கழற்றும்போது ஒரு பிளாஸ்டிக் பையை அடியில் பிடித்தபடி கழற்ற வேண்டும். இல்லையென்றால் பிடித்த அழுக்கு மொத்தமும் தொட்டியில் கலங்கும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். வாசலின் சில வகை ரப்பரை ஊதச் செய்யும். செடித் தொட்டிக்கும், படுக்கையறைக்கும், ஸ்டாண்டுக்குக் கீழே இடமில்லாத வீட்டுக்கும் கேனிஸ்டர்தான் சரி. திறந்த சம்ப்பில் செடிக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு வீணாகப் போகும்.

மேல் ஃபில்டர் நாலடித் தொட்டி வரை நல்ல சாமான். பஞ்சு மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆறடியில் இரண்டு மூன்று தட்டு வைத்தாலும் மீடியாவுக்கு இடம் போதாது. மூடியும் சரியாக உட்காராது. ஆஸ்கார் குதிக்கும் மீன்.

இனி சம்ப். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர் கொள்ளும். ஸ்டாண்டு செய்யும் முன்பே சம்ப் அளவைச் சொல்லிவிடுங்கள். நடுக்கால் குறுக்கே வந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சம்ப்பின் மேல் ஒரு அடி இடமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சைக் கையால் எடுக்க வராது. முதல் அறை வெள்ளைப் பஞ்சுத் தட்டு, அடுத்தது ஸ்பாஞ்ச், மூன்றாவது கே1, கடைசி பம்ப் அறை. கே1 அறையில் பாதி அளவுக்கு மேல் மீடியா நிரப்பாமல் அடியில் ஏர் கல் வைத்தால் அது புரண்டுகொண்டே இருக்கும். புது கே1 முதலில் மிதந்துகொண்டேதான் இருக்கும். படலம் பிடித்ததும் சுழல ஆரம்பிக்கும்.

சம்ப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் பயப்படுவது வெள்ளத்துக்கு. அது இரண்டு கணக்கில் தீரும் விஷயம்.

முதலாவது, கரண்ட் போகும்போது. பம்ப் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 11 லிட்டர். தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ விளிம்பு வரையும், பம்ப் தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் வரையும் மூன்று செ.மீ. இறங்கினால் 33 லிட்டர். குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 40 லிட்டர். ஓடும்போது சம்ப்பில் 50 லிட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு ஓட்டை போட்டால் தண்ணீரைத் திரும்பக் கீழே இழுக்கும் சைஃபன் அங்கேயே உடையும். தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வை நம்பி இந்த இடத்தைக் குறைக்காதீர்கள். அதில் ஒரு நத்தை சிக்கினால் போதும்.

இரண்டாவது, இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால். பம்ப் அறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே ஏறிவிடும். மேல் தொட்டியில் ஐந்து செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் 55 லிட்டர் தாங்கும். பம்ப் அறையை அதைவிடச் சின்னதாக, 30 செ.மீ. நீளத்தில் கட்டினால், எது அடைத்தாலும் தரை நனையாது. இதற்கு மேல் ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் இரண்டு இறக்க வேண்டும். ஒன்று எப்போதும் ஓட, இன்னொன்று அவசரத்துக்கு, சற்று உயரத்தில். அவசரக் குழாயில் வால்வு வைக்கவே கூடாது. தொட்டியை ஒட்டுவதற்கு முன்பே பின்கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும், அந்தக் கண்ணாடி டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கியது) ஆக இருக்கவே கூடாது. டிரில் பட்டதும் நொறுங்கிவிடும். ஓட்டை போடாத பழைய தொட்டிக்கு விளிம்பைத் தாண்டி வளைத்த சைஃபன் குழாய் வைப்பவர்கள் உண்டு. வளைவில் காற்று சேர்ந்தால் இறக்கம் நின்றுவிடும், பம்போ ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்பாடு எங்களுக்குச் சம்மதமில்லை.

பம்ப் வாங்கும்போது அதிகபட்ச உயரத்தைப் பாருங்கள். நாலு மீட்டர், மணிக்கு 6,000 லிட்டர் என்று போட்டிருக்கும் பம்ப், ஒன்றரை மீட்டர் ஏற்றி இரண்டு மூன்று எல்போவைத் தாண்டும்போது 3,300 முதல் 3,500 தரும். ஆறடித் தொட்டிக்கு அது போதும். மணிக்கு ஐந்தாறு சுற்று. 60 வாட் பம்ப் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏற்றும். 40 வாட் டி.சி. பம்பில் அது 58 ஆகும், இலவச யூனிட் வரம்பை ஒட்டி இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

மின்வெட்டில் கேனிஸ்டரும் சம்ப்பும் நடந்துகொள்ளும் விதம் வேறு. மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடும். மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், திறந்து தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்ட வேண்டும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால் காரணம் அதுதான். சம்ப் திறந்தே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. இன்வெர்ட்டரில் பம்பைப் போடாமல் ஏர் பம்பை மட்டும் போடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் தண்ணீர் பம்ப் இரைந்து சூடாகும்.

சம்ப்பின் குறை, ஆவியாதல். கோடையில் நாளுக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் வரை போகும். மற்ற அறைகளில் மட்டம் இறங்காது, பம்ப் அறையில் மட்டும்தான் இறங்கும். 10 லிட்டருக்கு அங்கே ஏழு செ.மீ. இரண்டு நாள் ஊருக்குப் போனால் பம்ப் காற்றை இழுக்கும். குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்பான போர் தண்ணீரையே ஊற்றினால் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும். தொட்டி முழுவதையும் ஆர்.ஓ.வில் ஓட்டுவதும் ஆபத்துதான்: மேலே சொன்ன தீவனத்துக்கு நாள் ஒன்றுக்கு பி.எச். இறங்காமல் தாங்கும் காரத்தன்மை லிட்டருக்கு 9 மி.கி. செலவாகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் அது ஓரிரு நாளில் தீர்ந்து, பி.எச். 6ஐ நெருங்கி, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும்.

இந்த மூன்று ஃபில்டரில் எதுவும், அம்மோனியா மாறிக் கடைசியில் சேரும் நைட்ரேட்டை எடுக்காது. 20 கிராம் தீவனத்துக்கு நாளுக்கு லிட்டருக்கு ஐந்தரை மி.கி. வீதம் ஏறும், வாரம் 38. வாரம் பாதித் தண்ணீர் மாற்றினாலும் 38க்கும் 76க்கும் நடுவில்தான் நிற்கும். பஞ்சை அடிக்கடி மாற்றினால் கழிவு கரைவதற்கு முன்பே வெளியேறுவதால் இது குறையும். அதுவும் போதவில்லை என்றால் தீவனத்தைக் குறைப்பதுதான் வழி. வளர்ந்த ஆஸ்காருக்கு வாரத்தில் ஒருநாள் பட்டினி ஒன்றும் செய்யாது.

பஞ்சு வாரம் இருமுறை. ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிய வேண்டும். மெட்ரோ தண்ணீரின் குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும். கே1 பக்கமே போக வேண்டாம். மூன்று மாதத்துக்கொரு முறை பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை எடுத்து, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் ஷாஃப்டில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பு கரையும். இதைச் செய்யாத பம்புதான் கரண்ட் வந்த பிறகும் ஓடாமல் நிற்கும்.

சம்ப்பில் எல்லாம் ஒரே பம்பை நம்பி இருப்பதால், மாற்று இம்பெல்லர் ஒன்றை வாங்கி வையுங்கள். தொட்டி மூலையில் ஏர் பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். பம்ப் நின்ற இரவில் மீனுக்குக் காற்று கொடுப்பது அதுதான். புது மீன் வாங்கி வரும் நாளில் அதையே தூக்கித் தனித் தொட்டியில் போட்டால், அந்தத் தொட்டிக்குப் பழகிய ஃபில்டர் தயார்.