உயில் எழுதப் போன அப்பாவிடம் செட்டில்மெண்ட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்

அப்பா 2019இல் உயில் எழுதப் போனார். எழுதிக்கொண்டு வந்தது உயிலே இல்லை, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுகிற செட்டில்மெண்ட் பத்திரம். அது எங்களுக்குத் தெரிய நாலு வருஷம் ஆனது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பத்திரம் எழுதப் போகிறார்கள் என்றால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அவர்களை அனுப்புங்கள்.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் கடை போட்டிருக்கும் பத்திரம் எழுதுகிறவர் அப்பாவுக்குப் பல வருஷப் பழக்கம், பேர் இங்கே வேண்டாம். "எனக்கப்புறம் வீடு பையனுக்கு, நான் இருக்கிறவரை எனக்கு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவரோ, "உயில்னா நாளைக்கு யாராவது கேஸ் போடுவாங்கய்யா, செட்டில்மெண்ட்டா போட்டுடலாம், ரெண்டும் ஒண்ணுதான். உங்க ஆயுசு வரைக்கும் நீங்க அனுபவிச்சுக்கலாம்னு எழுதிட்டேன், இதோ பாருங்க" என்று அந்த வரியை மட்டும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாராம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

2023இல் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்று பேங்குக்குப் போனோம். வில்லங்கச் சான்றிதழைப் பார்த்த மேனேஜர், "வீடு உங்க பேர்ல இல்லையே சார், பையன் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். அப்பா, "நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்" என்றார். தம்பி கையெழுத்துப் போட வரவில்லை. அவனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது வேறு பதிவு. என் நகையை அடகு வைத்து ஆபரேஷன் நடந்தது.

அப்புறம் ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுத்தோம். பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டார். ஒன்று, "இன்று முதல்". இன்னொன்று, "எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன்". உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் நடப்புக்கு வரும், உயிரோடு இருக்கிறவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்ட் அப்படியில்லை, சொத்து அன்றைக்கே கை மாறிவிடும், எழுதிக் கொடுத்தவர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. அப்பாவுக்கு மிச்சம் இருப்பது அந்த ஆயுள்கால அனுபவ உரிமைதான். அதாவது குடியிருக்கலாம், விற்க முடியாது.

எழுதி வாங்கிக்கொண்டு பெரியவர்களைப் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்ல, மூத்த குடிமக்கள் சட்டம் 2007இல் 23வது பிரிவு இருக்கிறதே என்று கேட்டேன். ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம், ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால்தான் பிடிமானம், இந்தப் பத்திரத்தில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லையே என்றார் வக்கீல். மனு கொடுத்திருக்கிறோம், நடக்கிறது.

எனக்கு ஆறாத விஷயம், அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான். முத்திரைத்தாளுக்கு மட்டும் 25,000 ரூபாய் கட்டினோம். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது! வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. பதிந்துவைத்தால் நல்லது, அவ்வளவுதான். "உயிலுக்கு எதுக்குங்க ஸ்டாம்ப்" என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் போதும். எங்கள் வீட்டில் மூன்று பட்டதாரிகள், ஒருத்தரும் கேட்கவில்லை.

கொல்லைமேட்டில் அப்பா பேரில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதற்குப் போன மாதம் நிஜமான உயில் எழுதினோம். அப்பாவே கைப்பட எழுதினார், ஒன்றரைப் பக்கம். பக்கத்து வீட்டு வாத்தியாரும் அப்பாவைப் பார்க்கிற டாக்டரும் சாட்சி, அப்பா கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அவர் எதிரிலேயே இரண்டு பேரும் போட்டார்கள். முடித்துவிட்டு அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாமா? நெஜமாவே வேண்டாமா?" என்று மூன்று தடவை கேட்டார்.