4 டிபி எஸ்எஸ்டி 1,899 ரூபாய் என்று வந்தால் வாங்காதீர்கள்

பழைய லேப்டாப்பை அக்கா மகனுக்குக் காலேஜுக்காகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2009-லிருந்து எடுத்த குடும்பப் படங்களும் வீடியோக்களுமாக அதில் 212 ஜிபி இருந்தது. அவற்றை எடுத்து வைக்கத்தான் ஆன்லைனில் ஒரு 4 டிபி (4,000 ஜிபி) போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமிக்க வெளியே சொருகும் டிஸ்க், வாங்கினேன். விலை 1,899 ரூபாய். ரிவ்யூ எல்லாம் நன்றாகவே இருந்தது.

வந்த பெட்டி அலுமினியம், கைக்குக் கனமாக இருந்தது. சொருகியதும் கம்ப்யூட்டர் 3.63 டிபி என்று காட்டியது. உண்மையான 4 டிபி டிஸ்க்கும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும், அதனால் சந்தேகம் வரவில்லை. ராத்திரி காப்பி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு எரர்கூட இல்லாமல் முடிந்திருந்தது. 2009, 2011 ஃபோல்டர்களில் நாலைந்து படம் திறந்து பார்த்தேன், பளிச்சென்று இருந்தன. லேப்டாப்பை ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அப்பா திவசத்துக்கு அவர் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட எடுத்தேன். 2019 ஃபோல்டரில் எல்லாப் படத்துக்கும் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, 4.2 எம்பி, 3.8 எம்பி என்று அளவும் இருக்கிறது. ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 2014-ல் ஒரு படம் மேல்பாதி வந்தது, அதில் அப்பாவின் தலைப்பாகை வரைக்கும் தெரிந்தது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கு அப்புறம் எடுத்த எதுவுமே இல்லை. பொங்கலன்று அப்பா கிணற்றடியில் நின்று மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வீடியோவும் போனது.

பெட்டியை ஸ்க்ரூ கழற்றித் திறந்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதில் செல்போனில் போடும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று, அது ஆடாமலிருக்கப் பசை. கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு.

இது எப்படி ஏமாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று கம்ப்யூட்டர் அளந்து பார்ப்பதில்லை, டிஸ்க்கில் உள்ள கன்ட்ரோலர் சிப்பைக் கேட்கிறது. சிப்பை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி 4 டிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 64 ஜிபி நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். அதற்கு மேல் வருவதை எழுதாமலே 'எழுதிவிட்டேன்' என்று பதில் சொல்லும். சில போலிகள் பழையதன் மேலேயே எழுதிவிடும். ஃபைல் பட்டியல் மட்டும் டிஸ்க்கின் தொடக்கத்தில் பத்திரமாக இருப்பதால் பெயரும் அளவும் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த நல்ல ரிவ்யூக்களை எழுதியவர்களில் பலரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். வாங்கிய அன்றே பத்து படம் போட்டுப் பார்த்து எழுதியிருப்பார்கள். டிஸ்க் நிரம்பி உண்மை தெரிவதற்குள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிடும்.

டேட்டா ரெக்கவரி கடைக்காரர் உண்மையைச் சொன்னார்: "சார், அழிஞ்சிருந்தா மீட்கலாம், இதுல எழுதவே இல்லையே." லேப்டாப்பிலும் வழியில்லை. அதிலிருந்தது எஸ்எஸ்டி, ஃபார்மட் செய்ததும் ட்ரிம் என்ற வசதி பழையதைத் துடைத்துவிட்டிருந்தது.

விற்றவர் ஃபார்மட் செய்து பார்க்கச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், மிச்சமிருப்பதும் போகும். தளத்தின் கஸ்டமர் கேர் ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது என்று கையை விரித்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். திறந்த பெட்டியின் போட்டோவையும் கீழே சொல்லும் டெஸ்ட்டின் ரிசல்ட்டையும் அனுப்பிய பிறகே பணம் திரும்பி வந்தது. 2020 மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் நடக்கவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். டிஸ்க்கை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 4 டிபி முழுவதற்கும் நாள் கணக்காகும். ஆனால் என்னுடையது போன்ற போலி முதல் 100 ஜிபிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சோதனை முடியும்வரை பழைய இடத்திலிருந்து ஒரு ஃபைலைக்கூட அழிக்காதீர்கள்.

வயரின் முனையையும் பாருங்கள். என்னுடையதில் பிளாஸ்டிக் நீல நிறம், யுஎஸ்பி 3 என்று அச்சடித்திருந்தார்கள். உண்மையான யுஎஸ்பி 3 பிளக்கில் முன்னால் நாலு, உள்ளே தள்ளி ஐந்து என ஒன்பது உலோகப் பட்டைகள் இருக்கும். இதில் நாலுதான். வேகமும் விநாடிக்கு 15 எம்பியைத் தாண்டவில்லை. நிஜ எஸ்எஸ்டி நூற்றுக்கணக்கில் ஓடும். விலையைப் பார்த்தே நான் நிதானித்திருக்க வேண்டும். இதைப்போல் பத்து மடங்கு கொடுத்தாலும் நல்ல 4 டிபி எஸ்எஸ்டி கிடைப்பது கஷ்டம்.

இன்று காலையும் தளத்தில் தேடினேன். அதே பெட்டி, அதே படம், வேறு பெயரில், 8 டிபி என்று போட்டு விற்கிறார்கள்.