ரெய்ஸ் மன்னர்களுக்கு நடுவே இரண்டு வருடம்: என் சார்ட் அனுபவம்

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் எந்தக் கையோடு (முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டோடு) இறங்கலாம் என்று காட்டும் சார்ட் ஒன்றை அச்செடுத்து இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். 13-க்கு 13, மொத்தம் 169 கட்டங்கள். பென்சில் கிறுக்கல் படாத மூலை இப்போது அதில் குறைவு. எல்லாம் எங்கள் மேசையின் இரண்டு பேர் புண்ணியம்: ஒருவர் கைக்குக் கை ரெய்ஸ் அடிப்பார் (பந்தயத்தை உயர்த்துவார்), இன்னொருவர் யார் ரெய்ஸ் அடித்தாலும் அதற்கு மேல் ரீ-ரெய்ஸ் வைப்பார்.

சாதுவான ஆட்டத்தில் சார்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இவர்களிடம் முதலில் நான் பயந்து சுருங்கினேன். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு சீட்டில் அமையக்கூடிய 1,326 சேர்க்கைகளில் இவை 34தான்; சுமார் 39 கைக்கு ஒரு தடவை. அதற்குள் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே முறைவைத்துக் கட்டவேண்டிய பந்தயம்) கட்டியே சிப் கரைந்துவிடும். அப்படியே வந்து நான் ரெய்ஸ் அடித்தாலும், முரடர்கள் உட்பட அத்தனை பேரும் ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள்.

அப்புறம் சார்ட் சொன்னபடி ஒரே சூட் (ஸ்பேட், ஹார்ட் போன்ற இனம்) ஏஸ்-5ஐ வைத்து ரீ-ரெய்ஸ் செய்தேன். காரணம் நியாயமானதுதான்: ஒரு ஏஸ் நம்மிடம் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகும். ஆனால் எதிராளி ஃபோல்ட் செய்தால்தானே இதில் லாபம்? ரெய்ஸ்காரர் ஒருநாள் கிங்-9ஐ வைத்துக்கொண்டு கால் செய்தார், அதாவது என் பந்தயத்துக்குச் சமமாகப் போட்டார். ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) 9 விழுந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு முறை பெட் கட்டிப் பார்த்தேன். மனுஷன் சீட்டைக் கீழே வைக்கவே இல்லை. அன்றைக்கே அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு ஏஸ்-ஜாக், கிங்-குயின், 10 ஜோடியை ரீ-ரெய்ஸ் பக்கம் ஏற்றினேன். கண்டதற்கும் கால் செய்பவரிடம் இவைதான் காசு: இரண்டு பேருக்கும் கிங் ஜோடி அமைந்தாலும் அவருடைய 9 என் குயினிடம் தோற்கும்.

சின்ன ஜோடிகள் எனக்குப் பிடித்தவை, ஆனாலும் குறைத்தேன். நான் 3 பிளைண்ட் வைக்க, ரீ-ரெய்ஸ்காரர் 9 ஆக்கினால் இன்னும் 6 போட வேண்டும். ஃப்ளாப்பில் ஜோடிக்கு அதே மாதிரி மூன்றாவது சீட்டு சேர்வது எட்டொன்பது தடவைக்கு ஒன்று. சேரும்போது பார்த்தால் அவர் கையில் பெரும்பாலும் குப்பை, கொடுக்க ஒன்றும் இருக்காது.

சார்ட்டில் இல்லாத பெரிய விஷயம், அந்த ஆள் உட்காரும் இடம். எனக்கு வலப்பக்கம் இருந்தால் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், நிறையக் கைகளோடு இறங்குகிறேன். இடப்பக்கம் என்றால் பாதியைக் கழித்துவிடுவேன். வேறு வேறு சூட்டில் வரும் கிங்-ஜாக் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மூன்று தடவை எழுதி அழித்ததில் அந்தக் கட்டத்தில் காகிதமே தேய்ந்துவிட்டது. இப்போதைக்கு அங்கே ஒரு கேள்விக்குறி.