செவியா, மைக்கா: சிறிய அறையில் சப்வூஃபரின் ஒலியளவை அமைக்கும் இரு வழிகள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சப்வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) ஒலியளவைச் செவியால் அமைப்பவர், பழகிய பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி தனியாகத் தெரியாமலும் சப்வூஃபரை அணைத்தால் மட்டும் ஏதோ குறைவதாகவும் தோன்றும் இடத்தில் குமிழை நிறுத்துகிறார். செலவில்லாத வழிதான், ஆனால் செவி பெரிய ஒலிக்கு விரைவில் பழகிவிடுவதால், இரவில் சரியாகப்பட்டது காலையில் மிகையாகக் கேட்கும்.

மைக்கை வைத்து அளப்பவருக்குச் செவி மறைப்பதும் தெரியவரும். பன்னிரண்டு அடி நீளத்துக்குரிய அறை ஒத்ததிர்வு (சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஒரு சுரம் மட்டும் பெருகுவது) ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் விழுவதால், பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் இரண்டாம் கட்டை அழுத்தும்போது மட்டும் சுவரோரம் அதிரும். செவியை மட்டும் நம்புபவர் அந்த ஒரு சுரத்துக்காகக் குமிழையே இறக்கி, மற்ற சுரங்களையும் மெலியவைத்துவிடுவார். மைக் அளவீட்டின் வரைபடத்தில் அந்தச் சுரம் தனி மேடாகத் தெரிவதால், சப்வூஃபரை ஓரடி நகர்த்தியோ ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த மேட்டை மட்டும் வெட்டியோ சரிசெய்யலாம். ஒலிமானியை, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அமைப்பான ஏ எடையில் வைத்து அளப்பது வீண், ஏனெனில் அது 50 ஹெர்ட்ஸை 30 டெசிபெல் குறைத்தே காட்டும். தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் குறைக்காத சி எடையே வேண்டும்.

என் தேர்வு மைக்தான், ஆனால் கடைசி இரண்டு டெசிபெல்லைச் செவியிடமே விடுவேன்: வரைபடத்தில் மேடுபள்ளமில்லாத தட்டையான கோடு மெல்லிய ஒலியில் பலருக்குச் சப்பென்றிருக்கும்.