விருப்பப் பாடம்: தமிழ் இலக்கியமா, சமூகவியலா?

யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணி (ஐ.ஏ.எஸ். முதலியவை) முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலத்தையும் சேர்த்து, 23 மொழிகளின் இலக்கியம் பட்டியலில் இருக்கிறது. போடோ, சந்தாலி இலக்கியத்தைக்கூட எடுக்கலாம். பட்டப்படிப்பில் அதே இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்று 2013-இல் வந்த விதி எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதனால் பொறியியல் படித்தவரும் தயங்க வேண்டாம்.

பாடத்திட்டம்
தமிழ்: எல்லை தெளிவு. குறுந்தொகையில் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலம்பில் மதுரைக் காண்டம். ஆனால் மொழி வரலாறும் உண்டு, அதை லேசாக நினைக்காதீர்கள்.
சமூகவியல்: மார்க்ஸ், துர்கெய்ம், வெபர் என்று கோட்பாடு, அப்புறம் இந்தியச் சமூகம். நடப்புச் செய்திகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பொது அறிவுத் தாளுக்கு உதவி
தமிழ்: குறைவு.
சமூகவியல்: அதிகம். சாதி, குடும்பம், நகரமயம் எல்லாம் அங்கேயும் வரும். கட்டுரைத் தாளுக்கும் கைகொடுக்கும்.

விடை எழுதும் மொழி
தமிழ்: தமிழில்தான். மற்ற தாள்களை ஆங்கிலத்தில் எழுதுபவர் கைவேகத்தைத் தனியாகப் பழக வேண்டும். நல்ல வாசகர்கள்கூட இங்கேதான் நேரம் போதாமல் திணறுகிறார்கள்.
சமூகவியல்: நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியில்.

300 மதிப்பெண் கட்டாய மொழித்தாள் வேறு. அதில் 25 சதவீதம் எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது.

பாட்டைச் சுவைத்துப் படிப்பவர், தமிழில் தடையின்றி எழுதுபவர் தமிழையே எடுக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு, ஒரே படிப்பு இரண்டு இடத்தில் பயன்படும் சமூகவியலைத்தான் சொல்வேன்.