மருந்தகத்துப் பல் அடைப்புப் பசை: எந்தப் பல்லுக்கு ஆகும், எதற்கு ஆகாது

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல் கிளினிக்குகள் அவசரச் சிகிச்சையை மட்டுமே பார்த்தன. தாங்க முடியாத வலி, முக வீக்கம், நிற்காத ரத்தம், அடிபட்ட பல் என்றால் எடுத்துக்கொண்டார்கள். பல் குழியில் வைத்த அடைப்பு விழுந்துவிட்டது, பல் ஓரம் உடைந்து நாக்கைக் கீறுகிறது என்றால் பிறகு வரச் சொன்னார்கள். பல் துளைக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுழல்கிறது. அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து புகைபோல அறையில் மிதந்து கிருமியைப் பரப்பும் என்பதுதான் பல் மருத்துவர்களின் பயமாக இருந்தது. அது நியாயமான பயம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருந்தவர்களாவது நடந்துபோய்க் கேட்டுவர முடிந்தது. லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் தோட்டத்து மக்களுக்கு வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் என்ற எல்லையும் சாலைத் தடுப்பும் நடுவில் நின்றன. அப்போது வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே வர முடிந்தது. அரிசி, பருப்போடு சேர்த்து அவர் மருந்தகத்தில் வாங்கிப்போகும் பொருளாகத் தற்காலிகப் பல் அடைப்புப் பசை ஆனது. நல்ல பொருள்தான். ஆனால் தவறான பல்லில் வைத்தால் கெடுதல் செய்யும். அதனால் விரிவாகவே எழுதுகிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிறு டப்பாவில் வெள்ளைக் களிமண்போல வரும் தயார்ப் பசை. துத்தநாக ஆக்சைடும் கால்சியம் சல்பேட்டும் இதில் முக்கியம். ஈரம் பட்டால்தான் இறுகும். மற்றது பொடியும் திரவமும் தனித்தனியாக வந்து கலந்து வைக்கும் வகை. திரவம் யூஜினால், அதாவது கிராம்புத் தைலத்தின் சாரம். கூச்சத்தைத் தணிப்பதில் இரண்டாவது வகை மேல். வீட்டில் சரியாகச் செய்ய முடிவது முதல் வகைதான். கலக்கத் தெரியாதவர்கள் தயார்ப் பசையையே வாங்குங்கள்.

தயார்ப் பசை வைக்கும் முறை இது. பல் துலக்கி, ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். குழிக்குள் சிக்கிய சோற்றுப் பருக்கையைப் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். ஊசியோ பின்னோ விட்டு நோண்ட வேண்டாம், அடியில் நரம்பு இருக்கும். குழியைக் காய வைக்கத் தேவையில்லை, லேசான ஈரம் இருக்கட்டும். கையைக் கழுவிவிட்டு, குழியின் அளவுக்குப் பசையை உருட்டி அடியிலிருந்து நிரப்புங்கள். மேலோட்டமாக அப்பினால் உள்ளே காற்று நின்று, முதல் கடியிலேயே பெயர்ந்துவிடும். நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தி மட்டம் செய்து, வாயை மெல்ல மூடித் திறந்து, தாடையை இடமும் வலமும் தேய்த்துப் பாருங்கள். எங்காவது முதலில் இடித்தால் அந்த மேட்டை அப்போதே சுரண்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான் “பசை வைத்த பிறகு வலி கூடிவிட்டது” என்ற புகார் பெரும்பாலும் வருகிறது. மேடு இருந்தால் வாயை மூடும்போதெல்லாம் முழு அழுத்தமும் அந்த ஒரு பல்மீது விழும். பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பூசுவதும் தவறு. இடையில் புகுந்த பசை ஈறை அழுத்திப் புண்ணாக்கும்.

இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. முழுதாக இறுக இன்னும் நேரம் எடுக்கும் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பது நல்லது. முறுக்கு, கடலை, டோடோல் என்ற ஒட்டும் இனிப்பு போன்றவை அந்தப் பக்கம் வேண்டாம்.

குழி ஆழமாக இருந்தால் பசை நிற்கும். 4 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். தட்டையாகத் தேய்ந்த பல்லின்மேல் எத்தனை முறை வைத்தாலும் ஓடுபோலக் கழன்று வரும், காசுதான் வீண். நன்றாகப் பிடித்த பசை சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை தாங்கும். இறுகும்போது இது கொஞ்சம் உப்பும். ஓரங்கள் அடைபட அதுவே உதவுகிறது. ஆனால் பல்லின் சுவர் மெல்லியதாக மட்டும் மிச்சமிருந்தால் அது விரியக்கூடும். இன்னொன்று, டப்பாவைத் திறந்தபடி வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரமே போதும், பசை டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். எடுத்தவுடன் மூடி, ஈரமான விரலை உள்ளே விடாமல் பாருங்கள்.

பொடி, திரவ வகையை வாங்கியிருந்தால் வழவழப்பான பீங்கான் தட்டில் திரவத்தை விட்டு, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தேயுங்கள். விரலில் ஒட்டாத மாவுப் பதம் வர வேண்டும். தளர்வாக இருந்தால் இறுகாது, திரவம் கசிந்து ஈறும் எரியும். சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் இறுகும் என்பதால் குழியைச் சுத்தம் செய்த பிறகே கலக்க ஆரம்பியுங்கள்.

இனி, வைக்கக் கூடாத இடம். இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும் பல், சூடு பட்டு நெடுநேரம் அடங்காத பல், ஈறில் சீழ்க் கொப்புளம் உள்ள பல், தட்டினால் உயிர்போகும் பல். இவற்றில் பசை வைக்கவே வேண்டாம். குழி வழியாக வடிந்துகொண்டிருந்த சீழுக்கு வழி அடைபட்டால் வீக்கம் கன்னத்துக்கு ஏறும். சிறு பிள்ளைகளுக்கும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். கிராம்புத் தைலம் நனைத்த பஞ்சை நாள்கணக்கில் அடக்கி வைப்பது, ஆஸ்பிரினை ஈறில் ஒதுக்குவது, புகையிலை அடக்குவது, சூப்பர் குளூ பூசுவது எல்லாம் பல்லோடு சதையையும் புண்ணாக்கும்.

வலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் 2 மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். ஐபுபுரோஃபென், பொன்ஸ்தான் (மெஃபெனமிக் அமிலம்) வகை மாத்திரைகள் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கி இல்லை என்று தெரியாமல் தொடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பழைய ஆன்டிபயோட்டிக் மிச்சம் இருந்தால் அதையும் எடுக்காதீர்கள். பல் நரம்பின் வீக்கம் அதற்கு அடங்காது.

வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறினால், நாக்கு மேலே தூக்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் கிளினிக்கைத் தேட வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து அது.

மற்றபடி கிளினிக்குக்கு முதலில் போன் செய்யுங்கள். எந்தப் பக்கம், எத்தனை நாள், வீக்கமும் காய்ச்சலும் உண்டா, என்ன மாத்திரை எடுத்தீர்கள், இனிப்புநீர் (நீரிழிவு) உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். படம் கேட்டால் கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை ஒதுக்கி, கைப்பேசி விளக்கைப் போட்டு வேறொருவர் எடுப்பதே தெளிவாக வரும்.  துளைக்காமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கண்ணாடி அயனோமர் சிமெண்டு என்ற அடைப்பை வைக்கும் முறையும் உண்டு. உங்கள் பல்லுக்கு அது ஒத்துவருமா என்று கேளுங்கள்.

பசை வைத்திருப்பதையும் எந்த வகை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யூஜினால் பட்ட பல்லில் பின்னால் வைக்கும் பல் நிற அடைப்பு சரியாக இறுகாமல் போகலாம். டப்பாவையே எடுத்துப்போனால் இன்னும் நல்லது.